மறைவு: இரண்டு மதிப்பெண்

அந்தத் தெருவில் அவளுக்குக் காஜாக்காரி என்றுதான் பெயர். சட்டையில் பொத்தான் நுழைகிற துளை இருக்கிறதே, அதைச் சுற்றி நூல் கட்டி நடுவில் வெட்டிவிடுகிற வேலை. ஒரு சட்டைக்கு முன்பக்கம் ஆறு, கழுத்துக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு. பதினோரு வருடமாக ஒரே மெஷின், ஒரே முக்காலி, ஒரே ஜன்னல். தடதடவென்று ஓடும் அந்த மெஷின், கத்தி இறங்கும்போது மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அந்த 'டக்' அவளுடைய இடது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். புதிதாகக் குடிவந்தவர்கள் திமிர் பிடித்தவள் என்பார்கள். திமிரும் கொஞ்சம் உண்டுதான். அதுவும் இல்லாவிட்டால் அவள் பட்ட பாட்டுக்கு என்றைக்கோ படுத்திருப்பாள்.

அவளுடைய கணவரைச் சாவிக்காரர் என்பார்கள். பூட்டுச் சாவி இல்லை, தண்ணீர்க் குழாயின் வால்வைத் திறக்கிற சாவி. நாலடி நீள இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடிந்ததும் தெருத் தெருவாகப் போவார். தரையில் பதித்த மூடியை நெம்பித் தூக்கி, சாவியை உள்ளே விட்டு எட்டுச் சுற்றுச் சுற்றினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். திரும்ப எட்டுச் சுற்றினால் நின்றுவிடும். நாற்பது தெருக்களின் குளியலும் சமையலும் அந்த ஒரு மனிதரின் மணிக்கட்டில் இருந்தன. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அந்தச் சாவியோடு வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. மகளுக்கு அப்போது இரண்டு வயது.

ஊர் சும்மா இருக்குமா. ஒரே வாரத்தில் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து ஒரு கதை தயாராகிவிட்டது. மேலத் தெருவில் தனியாக இருந்த ஒரு பெண் அதே மாதம் வீட்டைக் காலி செய்திருந்தாள். அவளோடு போய்விட்டார் என்றார்கள். எங்கோ ஒரு ரயில்வே ஸ்டேஷனில் இருவரையும் சேர்த்துப் பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்தார். ஓடிப்போகிற மனிதன் நாலடி இரும்புக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டா ஓடுவான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

காஜாக்காரியும் கேட்கவில்லை. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஓடிப்போனவர் எங்கோ உயிரோடு இருப்பார், கோபம் தீர்ந்தால் ஒரு நாள் வருவார். புருஷன் ஓடிப்போனவள் என்ற பேச்சை அவள் மூச்சுக் காட்டாமல் வாங்கிக்கொண்டாள். மாடி வீட்டு அக்கா பரிதாபப்பட்டு, அப்படியெல்லாம் இருக்காதும்மா, வேறு ஏதாவது ஆகியிருக்கும் என்று ஆரம்பித்தபோது, "ஓடித்தான் போயிட்டாரு, உங்களுக்கு என்ன வந்துச்சு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவள் அவளேதான்.

வருகிற மாதத்தோடு ஏழு வருடம் முடிகிறது. தண்ணீர் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. காணாமல் போனவர்கள் கட்டிலிருந்து அவருடைய ஃபைலைக் காலமானவர்கள் கட்டுக்கு மாற்ற அவள் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் அதே ஆபீசில் அவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை, காதுக்கும் நிம்மதி. நாத்தனார் மூன்று தடவை வந்து கெஞ்சிப் பார்த்தாள். காஜாக்காரி படிவத்தை அலமாரியின் மேல்தட்டில், எலி மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தாள். அந்த வீட்டில் செத்தார், இறந்தார், காலமானார் என்ற எந்தச் சொல்லுக்கும் அனுமதி இல்லை. டிவியில் செய்தி வாசிப்பவர் அப்படி ஏதாவது சொன்னால் உடனே சேனல் மாறிவிடும். கரப்பான் பூச்சியை அடித்தால்கூட, "போயிடுச்சு" என்பாள்.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் கீழே ஒரு காரணம் கிடந்தது. அன்று காலை குழந்தைக்குக் காய்ச்சல். சாவிக்காரருக்கு அன்று லீவு. வீட்டில் இருங்கள், டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு வால்வு, அடைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சாவியை எடுத்தார். அவளுக்கு வந்ததே ஆத்திரம். அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பாமலே, "போய்த் தொலைங்க" என்றாள். தினமும் நூறு வீடுகளில் நூறு பேர் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அந்த நூறு பேரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இவர் சொன்னபடியே தொலைந்துவிட்டார். அதைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. போலீசிலும் சொல்லவில்லை, நாத்தனாரிடமும் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் சண்டை. இல்லை என்று ஆகிவிட்டால் அது வேறு ஒன்றாகிவிடும். அந்த வேறொன்றை நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மகளைத் தெருவில் தண்ணிப்பாப்பா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்துக்கும் காரணம் உண்டு. அந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது ஆபீசுக்கே தெரியாது. பாப்பாவுக்குத் தெரியும். விளையாடிக்கொண்டிருப்பவள் பாதியில் எழுந்து வந்து வாசல் குழாயில் காதை வைப்பாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். "எடுத்துட்டு வாங்க" என்பாள். பெண்கள் குடத்தோடும் வாளியோடும் வந்து வரிசை கட்டி முடிப்பதற்குள் குழாய் செருமிக்கொண்டு தண்ணீர் விடும். ஒரு தடவையும் தப்பியதில்லை. எப்படி என்று கேட்டால், உள்ளே தட்டுற சத்தம் கேக்குது என்பாள். குழாய்க்குள் காற்று ஓடுகிற சத்தம் என்று எல்லாரும் சமாதானம் செய்துகொண்டார்கள். காஜாக்காரியும் ஒரு முறை காதை வைத்துப் பார்த்தாள். இடது காது. ஒன்றும் கேட்கவில்லை.

கட்டுரை விவகாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தது. பாப்பா நான்காம் வகுப்பு. தமிழ் டீச்சர் ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்: வரலாற்றில் செல்வாக்கு மிக்க ஒருவர். ஒரே பக்கம். முன்னுரை, பிறப்பு, கல்வி, தொண்டு, மறைவு, முடிவுரை என்று ஆறு துணைத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். ஒரு தலைப்பு விட்டுப்போனாலும் இரண்டு போய்விடும். ஒரு புள்ளி விட்டாலே அரை மார்க் குறைப்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு அரை மார்க் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நூலகத்திலிருந்து எடுத்து வந்த பெரியவர்கள் வரலாறு என்ற தடிப் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு பாப்பா ஆள் தேட ஆரம்பித்தாள். பெண் பார்க்கப் போன மாமியார்கூட இத்தனை நொட்டை சொல்லியிருக்க மாட்டாள். மூன்று நாடுகளை ஜெயித்த ராஜா வேண்டாம், அவர் ஊரில் இல்லாதபோது யாரும் தேடியதாகப் போடவில்லை. கப்பலில் உலகத்தைச் சுற்றியவர் வேண்டாம், சுற்றி என்ன பிரயோசனம், திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார். ஏதோ ஒரு ராணி வேண்டாம், அவளுக்கு மூக்கு சரியில்லை. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த ராஜாவைத்தான் எழுதுகிறார்கள், நீயும் எழுதிவிட்டுப் போயேன் என்று காஜாக்காரி சொல்லிப் பார்த்தாள்.

"செல்வாக்குன்னா என்னம்மா?"

"அவங்க ஒண்ணு செஞ்சா ஊரே ஓடி வரணும். அதான் செல்வாக்கு."

பாப்பா அதைக் கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தின் பக்கங்களைக் கடைசியிலிருந்து புரட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொருவரின் வரலாறும் மறைந்தார் என்றுதான் முடிந்தது. இந்த ஆண்டு மறைந்தார், அந்த ஆண்டு மறைந்தார். நாற்பத்திரண்டு பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் மறைந்திருந்தார்கள்.

"எல்லாரும் மறைஞ்சிட்டாங்க. எங்க மறைஞ்சாங்கன்னு யாருக்கும் போடலயே?"

காஜாக்காரி சட்டைக் கையில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டுமானால் வீட்டில் இல்லாத ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். நழுவிக்கொண்டாள். "தெரிஞ்சா போட்டிருக்க மாட்டாங்களா" என்றாள்.

"அப்ப எங்கன்னு தெரிஞ்சா எழுதலாமா?"

"தாராளமா எழுது."

பாப்பா புத்தகத்தை மூடிவிட்டாள். ஆள் கிடைத்துவிட்டதா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். பென்சிலைச் சீவி, நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். நடுநடுவே நிறுத்திக் குழாயில் காதை வைத்தாள். பிறகு எழுதினாள். உள்ளிருந்து பார்த்தபோது, யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிறவளைப் போலத்தான் இருந்தது. தண்ணீர் வரப்போகிறதா என்று காஜாக்காரி கேட்டாள். இன்னிக்கு வராது என்றாள் பாப்பா. வரவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. டீச்சர் உடனே வரச் சொல்கிறார். காஜாக்காரி மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு ஓடினாள். பாப்பா நன்றாகத்தான் இருந்தாள், ஜன்னல் வழியாகக் கையைக்கூட ஆட்டினாள். நன்றாக இல்லாதவர் டீச்சர்தான். ஆசிரியர் அறையில் கட்டுரை நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பேனாவை மூடி போட்டு வைத்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா?"

"வெளியூர்ல இருக்காரு."

டீச்சர் நோட்டை நீட்டினார். காஜாக்காரி நின்றபடியே படித்தாள்.

"முன்னுரை: உலகில் செல்வாக்கு மிக்கவர்கள் பலர் தோன்றினர். அவர்களுள் என் அப்பாவும் ஒருவர். அவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பு: அப்பா ஒரு வீட்டில் பிறந்தார். ஆண்டு தெரியவில்லை.

கல்வி: எட்டு வரை எண்ணக் கற்றார். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை.

தொண்டு: அப்பா சாவியைத் திருப்பினால் நாற்பது தெருக்காரர்கள் வாளியுடன் ஓடி வருவர். முரசு அடித்தாலும் ராஜாவுக்கு இத்தனை பேர் ஓடி வர மாட்டார்கள்.

மறைவு: அப்பா எங்கள் தெரு முனையில், பள்ளி வேன் நிற்கும் இடத்தில், தரைக்கு அடியில் மறைந்திருக்கிறார். அன்று எனக்குக் காய்ச்சல். ஒரே ஒரு வால்வு, அடைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். அம்மா போய்த் தொலைங்க என்றார். அப்பா போனார். அவர் உள்ளே இருக்கும்போது மேலே மூடி போட்டு ரோடும் போட்டுவிட்டார்கள். இன்றும் அவர் குழாயைத் தட்டி நம்மோடு பேசி வருகிறார்.

முடிவுரை: நாமும் அவரைப் போல் வாழ்வோமாக."

மற்ற தலைப்புகளுக்கு எதிரே சிவப்பில் இரண்டு, ஒன்றரை என்று போட்டிருந்தது. மறைவுக்கு எதிரே ஒன்றும் போடவில்லை. டீச்சர் தாழ்ந்த குரலில் விளக்கினார். மறைவு என்றால் என்ன என்று பிள்ளைக்குத் தெரியவில்லை, ஒளிந்துகொள்கிற இடம் என்று நினைத்துவிட்டாள், அதற்கு மார்க் குறைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை என்றார். காஜாக்காரிக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. போய்த் தொலைங்க என்ற இரண்டு சொற்களும் மகளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு வயதுக் குழந்தை. காய்ச்சலில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை. உட்கார இடம் தேடினாள்.

பாப்பாவை வெளியே கூப்பிட்டு வந்து தாழ்வாரத்தில் வைத்துக் கேட்டாள். யார் சொன்னது? அத்தை சொன்னாளா? மாடி வீட்டு அக்காவா? பாப்பா இல்லை இல்லை என்று தலையாட்டினாள். திட்டப்போகிறாள் என்று பயந்ததாகவும் தெரியவில்லை. மணி அடிப்பதற்குள் விளையாடப் போக வேண்டும் என்ற அவசரம்தான் முகத்தில் இருந்தது.

"எனக்குத் தெரியும்மா. நான் கேட்டதுக்கு அப்பா சொன்னாரு" என்றாள். "நீ எதுவும் கேக்கலயே. அதான் உனக்குச் சொல்லல."

பதினோரு மணி வெயிலில் காஜாக்காரி தெரு முனைக்கு வந்து நின்றாள். தினமும் நான்கு முறை கடக்கிற இடம். வேன் நிற்கிற இடத்தில் தார் லேசாக அமுங்கி வட்டமாக ஒரு தடம் தெரிந்தது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். செருப்பைச் சரி செய்கிற பாவனையில் குனிந்து குதிகாலால் தட்டிப் பார்த்தாள். மற்ற இடங்களில் தப்பென்றது. அந்த வட்டத்துக்குள் மட்டும் தொம்மென்றது. யார் பார்த்தால் என்ன என்று மண்டியிட்டு, நல்ல காதைச் சுடுகிற தாரில் வைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு டக் என்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டக். டக். மெஷினின் சத்தம் மண்டைக்குள் தங்கிவிட்டதோ என்று நினைத்தாள், ஆனால் மெஷின் இவ்வளவு நிதானமாக அடிக்காது. எண்ணினாள். எட்டு. அதோடு நின்றுவிட்டது. அடுத்த நிமிடம் தெருவின் எல்லா வாசல் குழாய்களும் ஒன்றாகச் செருமின. வாளிகளோடு பெண்கள் ஓடி வந்தார்கள். ரோட்டில் மண்டியிட்டிருந்தவளைப் பார்த்து, தலைசுற்றலா என்று ஒருத்தி கேட்டாள். காற்றாக இருக்கலாம். காற்றுதான் என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள், ஆனால் கால்கள் நேராகத் தண்ணீர் ஆபீசுக்குத்தான் போயின.

அங்கே சாவிக்காரரோடு வேலை பார்த்த சூப்பர்வைசர் ஒருவர்தான் பழைய ஆள். அவரிடம் கட்டுரையையும் தட்டுகிற சத்தத்தையும் சொன்னாள். தெரு முனையில் வால்வுக் குழி ஏதும் இல்லையே என்று அவர் புது வரைபடத்தை விரித்துக் காட்டினார். பழையது எங்கே என்றாள். அலமாரி உச்சியிலிருந்து தூசி பறக்க எடுத்துப் பிரித்தார். தெரு முனையில் ஒரு சின்ன வட்டம், அதன் மேல் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் தேதி. புது லைன் போட்டதும் பழைய குழிகளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். அவர் காணாமல் போனதற்கு மூன்று நாள் முந்தைய தேதி அது. ரோடு போடுகிறவர்களுக்குப் புது வரைபடத்தைத்தான் கொடுத்தார்கள். அவர் காணாமல் போன அன்று காலை பத்து மணிக்கு அவர்கள் அந்தத் தெருவில் வேலையை ஆரம்பித்தார்கள். மூடி திறந்து கிடந்தால் யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று, உள்ளே குனிந்துகூடப் பார்க்காமல், நல்ல எண்ணத்தோடு மூடியிருப்பார்கள்.

"அத அடைக்கச் சொல்லி நான் யாரையும் அனுப்பலம்மா" என்றார் சூப்பர்வைசர். அவர் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. "லைன் செத்தாலும் வால்வ தொறந்து போடக் கூடாதுன்னு அவரேதான் சொல்லிட்டே இருப்பாரு. அவரா போயிருக்காரு."

அப்போது அவளுக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. அவர் காணாமல் போன அந்த மாதம் முழுக்கத் தெரு முனையில் தாங்க முடியாத நாற்றம். சாக்கடைதான் அடைத்துக்கொண்டது என்று தெருவே சேர்ந்து மனு எழுதியது. ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்த மனுவில் மூன்றாவது கையெழுத்து அவளுடையது.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு மெஷின் வைத்துத் தாரை அறுத்தார்கள். கூட்டம் கூடிவிட்டது, போலீசும் வந்தது. அரை மார்க் டீச்சரும் வந்து ஓரமாக நின்றார். ரயில்வே ஸ்டேஷனில் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர் மட்டும் வரவில்லை. பாப்பாவை மாடி வீட்டு அக்கா தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். துருப்பிடித்த மூடியை நான்கு பேர் கடப்பாரையால் நெம்பினார்கள். திறந்ததும் கெட்ட காற்று மேலே வந்தது, எல்லாரும் பத்தடி பின்வாங்கினார்கள். காஜாக்காரி பின்வாங்கவில்லை.

ஆளுயரத்துக்கு மேல் ஆழம், நாலடிச் சாவி மேலிருந்து எட்டாது, உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். அடியில் சாவி நேராக நின்றிருந்தது, அதன் வாய் இன்னும் வால்வைக் கவ்விக்கொண்டு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாற்போல் அவர் இருந்தார். அவர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. துணி நைந்து கறுத்திருந்தது. வலது கையின் பட்டியில் மட்டும் மஞ்சள் நூலில் ஒரு காஜா பளிச்சென்று இருந்தது. நீல நூல் தீர்ந்துபோய் அவளே வீட்டில் கையால் போட்டுக் கொடுத்தது. பாலியஸ்டர் நூல், மக்காது. அவள் அதைப் பார்த்தாள், அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஏழு வருடமாகத் தேக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக உடைந்தது. தெருவே கேட்க அழுதாள்.

உள்ளே இறங்கிப் பார்த்த சூப்பர்வைசர் வால்வு முழுக்க அடைத்திருக்கிறது என்றார். எட்டுச் சுற்றும் சுற்றி முடித்த பிறகுதான் போயிருக்கிறார். இந்த மாதிரிக் குழிகளில் தேங்கிக் கிடக்கிற காற்றை இரண்டு முறை இழுத்தால் போதும், தூக்கம் வருகிற மாதிரி வந்துவிடும், வலி தெரியாது, மூடி போட்டபோது அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படியானால் தட்டியது யார் என்று காஜாக்காரி கேட்கவில்லை. அந்தப் பழைய குழாய் உங்கள் தெரு லைனோடு சேரவே இல்லையே, சத்தம் எப்படி வரும் என்று அவராகவே சொல்லிவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஏட்டு வீட்டுக்கு வந்தார். வயதானவர், பக்குவமாகப் பேசுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்துக்கொண்டார். காஜாக்காரி எதிரே தரையில் உட்கார்ந்தாள். பாப்பா மூலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பவா என்று ஏட்டு கண்ணால் கேட்டார். வேண்டாம் என்றாள் காஜாக்காரி. அவளிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது. எத்தனை மணிக்குப் போனார், என்ன உடை, வழக்கமாகச் சாப்பிடுகிற மருந்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியாகப் பார்த்தது யார் என்ற இடத்துக்கு வந்தார்.

"நான்தான். ஆனா பாக்கல. முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன்."

கடைசியாக என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாததை, போலீஸ்காரர் முன்னால், மகள் முன்னால் சொன்னாள். ஏட்டின் பேனா நின்றது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் பேசுவதுதான், வழக்கம்போல் பேசிவிட்டுப் புறப்பட்டார் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"வேணாம் ஏட்டையா. போய்த் தொலைங்கன்னுதான் சொன்னேன். அப்படியே எழுதுங்க. அதக் கேட்டுட்டுத்தான் அவரு அந்தக் குழிக்குள்ள இறங்கினாரு. மனசு என்ன பாடு பட்டிருக்கும். அவரு முகத்தக்கூட நான் பாக்கல."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏட்டு அப்படியே எழுதினார். சீவுகிற சத்தம் நின்றிருந்தது.

"அப்பா சிரிச்சாரும்மா" என்றாள் பாப்பா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பென்சில் முனையை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதும் வாசல்ல நின்னு உன் முதுகப் பாத்துச் சிரிச்சாரு. ரோட்டுல போறப்பயும் சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. கோவம்லாம் இல்ல."

"இத ஏண்டி எழுதல?" என்றாள் காஜாக்காரி.

"ஒரு பக்கம்தான்னு டீச்சர் சொல்லிட்டாங்களே. முடிவுரைக்கு இடம் வேணாமா?"

ஏட்டு குழந்தையைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அன்றைக்கு இதற்கு வயது இரண்டுதானே, சாட்சியாக எப்படிப் போடுவது என்று தயங்கினார்.

"எழுதிக்குங்க ஏட்டையா" என்றாள் காஜாக்காரி. "அவ சொன்னதையும் எழுதிக்குங்க."